நீளும் உலோகத்தின் முறிவைக் கணினியில் கணிப்பது எப்படி?

இழுவைச் சோதனைச் சான்றிதழில் ‘நீட்சி 28 விழுக்காடு’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, 0.28 என்ற எண்ணையோ அதை மெய்த்திரிபாக (1.28-இன் இயல் மடக்கையாக) மாற்றினால் வரும் 0.25 என்ற எண்ணையோ முறிவுத் திரிபாக மென்பொருளுக்குக் கொடுத்து, அந்தத் திரிபைத் தாண்டும் எலிமென்ட்டை (கணக்குக்காக உறுப்பைப் பிரித்த சிறு துண்டுகளில் ஒன்றை) நீக்கிவிடச் சொல்வதுதான் இத்துறைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் செய்யும் முதல் பிழை. நானும் அதைச் செய்திருக்கிறேன். அன்றைய கணக்கில் கழுத்து (கம்பி ஓரிடத்தில் மட்டும் ஒடுங்குவது) விழத் தொடங்கிய சற்று நேரத்திலேயே கம்பி இரண்டாகப் போனது. சோதனைக்கூடத்திலோ அதே கம்பி, கழுத்து நன்றாக ஒடுங்கிய பிறகுதான் முறிந்திருந்தது.

காரணம் எளியது. 10 மி.மீ. விட்டமுள்ள கம்பியில் 50 மி.மீ. நீளத்துக்குள் ஏற்பட்ட மொத்த நீட்சியைத்தான் சான்றிதழ் சொல்கிறது. அந்த நீளத்தின் பெரும்பகுதி 20 விழுக்காட்டளவில் நீண்டதோடு நின்றுவிட, கழுத்து விழுந்த இடம் மட்டும் தொடர்ந்து நீண்டிருக்கிறது. முறிந்த இடத்தின் விட்டம் 6 மி.மீ. என்று வெர்னியர் காட்டினால், 10-ஐ 6-ஆல் வகுத்து, அதன் இயல் மடக்கையை இரட்டித்தால் அங்கே உலோகம் பட்ட மெய்த்திரிபு கிடைக்கும்: 1.02. சான்றிதழ் எண்ணைப் போல் நான்கு மடங்கு. விஷயம் இத்தோடும் முடிவதில்லை. அதே தகட்டிலிருந்து எடுத்த இன்னொரு கம்பியில் காடி (சுற்றிலும் ஒரு பள்ளம்) வெட்டி இழுத்தால், அது 1.02-க்கு வெகு முன்பே முறிந்துவிடும். ஆகவே முறிவுத் திரிபு ஒற்றை எண் அன்று; தகைவு நிலையைப் பொறுத்து ஏறி இறங்கும் ஒரு வளைகோடு. அந்த வளைகோடும், எந்த அளவு எலிமென்ட்டை வைத்துப் பொருத்தி எடுக்கப்பட்டதோ அந்த அளவுக்கு மட்டுமே செல்லும். இந்த இரண்டையும் விட்டுவிடாமல் ஒரு முறிவு மாதிரியைக் கட்டும் வழியை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஐ.எஸ். 2062 தரத்தின் இ250 வகைக் கட்டுமான எஃகை வைத்துக்கொள்வோம். 20 மி.மீ.-க்கு உட்பட்ட தகட்டில் குறைந்தது 250 மெகாபாஸ்கல் யீல்டு தகைவு (நிலையான உருமாற்றம் தொடங்கும் தகைவு), 410 மெகாபாஸ்கல் இழுவலிமை, 23 விழுக்காடு நீட்சி ஆகியவற்றை அந்தத் தரம் கேட்கிறது. கீழே வரும் அளவீடுகள் இத்தகைய எஃகில் எதிர்பார்க்கக்கூடிய வகையில், கணக்கை விளக்குவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் தகட்டுக்கு உங்கள் அளவீடுகளே வேண்டும்.

உலோகத்துக்குள் நடப்பது

முறிந்த உருளைக் கம்பியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு துண்டின் முனை கிண்ணம் போலவும், மற்றதன் முனை அதில் பொருந்தும் கூம்பு போலவும் இருக்கும். நடுப்பகுதி மங்கிய சாம்பல் நிறத்தில், சொரசொரப்பாக, அச்சுக்குக் குறுக்கே தட்டையாக இருக்கும். விளிம்பு மட்டும் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்து மெல்லிய உதடாக நிற்கும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நடுப்பகுதியைப் பார்த்தால் நெருக்கமான சிறு குழிகள் தெரியும். சில குழிகளின் அடியில் மாங்கனீசு சல்பைடு போன்ற அயற்துகள் ஒன்று இன்னும் உட்கார்ந்திருக்கும். சுமை இறங்கத் தொடங்கிய பின், முறிவதற்குச் சற்று முன் இழுப்பை நிறுத்தி, கம்பியை நீளவாக்கில் அறுத்து மெருகேற்றினால், வெளியே எந்தக் கீறலும் தெரியாத கம்பியின் நடுவில் விரிசல் ஏற்கெனவே பிறந்திருப்பதைக் காணலாம்.

நடப்பது இதுதான்: அயற்துகள் எஃகிலிருந்து பிரிகிறது அல்லது தானே உடைகிறது, அந்த இடத்தில் நுண்வெற்றிடம் ஒன்று தோன்றுகிறது, இழுப்பில் அது வளர்கிறது, அண்டை வெற்றிடங்களுக்கு இடைப்பட்ட மெல்லிய சுவர்கள் ஒடுங்கி அறுந்து, வெற்றிடங்கள் ஒன்றோடொன்று சேர்கின்றன. வெற்றிடம் எவ்வளவு வேகமாக வளரும் என்பதை மெக்கிளின்டாக் 1968-இலும், ரைஸும் டிரேசியும் 1969-இலும் கணக்கிட்டுக் காட்டினார்கள். ரைஸ்–டிரேசி விதியில் ஒரு விகிதம் ஆட்சி செய்கிறது. மூன்று திசைத் தகைவுகளின் சராசரியை வான் மீசஸ் தகைவால் (பல திசைத் தகைவுகளை யீல்டோடு ஒப்பிட ஒரே எண்ணாக்கியது) வகுத்தால் வருவது அது. டிரையாக்சியாலிட்டி என்று எல்லாரும் சொல்வார்கள், இங்கே மும்முக விகிதம் என்று குறிப்பிடுகிறேன். வழுவழுப்பான கம்பியின் எளிய இழுப்பில் அது 0.33, தூய சறுக்குத் தகைவில் (ஷியர்) சுழியம், எளிய அமுக்கத்தில் −0.33, தடித்த தகட்டில் கூரிய விரிசலின் முன்னே 2-ஐயும் தாண்டும். வெற்றிடத்தின் ஆரம் வளரும் வீதம், இந்த விகிதத்தின் ஒன்றரை மடங்கை அடுக்காகக் கொண்டு அடுக்குச் சார்பில் ஏறுகிறது. விகிதம் 0.33-இலிருந்து 1-க்கு உயர்ந்தால் வளர்ச்சி வேகம் 2.7 மடங்காகிறது. காடி வெட்டிய கம்பி ஏன் சீக்கிரம் முறிகிறது என்பதற்கான விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது.

குளிரில் எஃகு பிளவுற்று நொறுங்குவது இதிலிருந்து முற்றிலும் வேறான நிகழ்வு. உங்கள் உறுப்பு அத்தகைய வெப்பநிலையில் வேலை செய்வதானால் இங்குள்ள எதுவும் உங்களைக் காப்பாற்றாது.

எந்தெந்தக் கம்பிகளை இழுக்க வேண்டும்

வழுவழுப்பான கம்பி ஒன்றை மட்டும் இழுத்துவிட்டு மாதிரி கட்டுவது, ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு வரைவதற்குச் சமம். குறைந்தபட்சம் வழுவழுப்பான கம்பி, வெவ்வேறு ஆரத்தில் காடி வெட்டிய இரண்டு கம்பிகள், சறுக்குத் தகைவில் முறியும் தட்டைத் துண்டு ஒன்று ஆகியவை வேண்டும், ஒவ்வொன்றிலும் மூன்று. காடியின் மிகக் குறுகிய விட்டத்தை 6 மி.மீ. என்று வைத்து, காடி ஆரத்தை ஒன்றில் 3 மி.மீ. எனவும் இன்னொன்றில் 1.5 மி.மீ. எனவும் லேத்தில் கடைந்துகொள்ளலாம். பிரிட்ஜ்மனின் சூத்திரப்படி நடு அச்சில் மும்முக விகிதம், 0.33-உடன், ஒன்றைக் கூட்டிய ‘குறுகிய ஆரத்தை இருமடங்கு காடி ஆரத்தால் வகுத்த எண்’ணின் இயல் மடக்கையைச் சேர்த்தால் வரும். அதன்படி முதல் கம்பியில் 0.74-உம் இரண்டாவதில் 1.03-உம் கிடைக்கும். இவை கம்பிகளைத் திட்டமிடுவதற்கான தோராய மதிப்புகள் மட்டுமே. இழுக்க இழுக்கக் காடியின் வடிவம் மாறுவதால் உண்மை மதிப்பைக் கணினிக் கணக்கிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கம்பியை வெட்டும்போது உருட்டு திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டை உருட்டும்போது மாங்கனீசு சல்பைடு துகள்கள் அத்திசையில் நீண்டு போவதால், உருட்டு திசைக்குக் குறுக்கிலும், அதைவிட மோசமாகத் தடிமன் வாக்கிலும், முறிவுத் திரிபு குறையும். உறுப்பு எந்தத் திசையில் சுமை தாங்குமோ அந்தத் திசையில் வெட்டாத கம்பி நம்மை ஏமாற்றும்.

இழுக்கும்போது சுமை, எக்ஸ்டென்சோமீட்டர் நீட்சி ஆகிய இரண்டோடு, கழுத்தின் விட்டத்தையும் அளக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். யு.டி.எம். என்ற இழுவைச் சோதனை இயந்திரத்தின் எதிரே ஒரு கேமராவை முக்காலியில் நிறுத்தி, பின்னால் வெள்ளை விளக்கு வைத்து, சுமைக் காட்டியும் அதே சட்டகத்தில் தெரியும்படி படம்பிடித்தால் போதும். விட்டத்தையும் கழுத்தின் வளைவு ஆரத்தையும் படத்திலிருந்தே எண்ணி எடுக்கலாம். பிடிமானங்களின் நகர்வைக் கம்பியின் நீட்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாடைகள் வழுக்குவதும் இயந்திரச் சட்டம் வளைவதும் அதில் கலந்திருக்கும்.

வலுவேற்ற வளைகோடு

முறிவு மாதிரி சரியில்லை என்று என்னிடம் வந்தவற்றில் பாதி, உண்மையில் வலுவேற்ற வளைகோடு (திரிபு ஏற ஏற எஃகின் தகைவு எப்படி உயர்கிறது என்ற கோடு) சரியில்லாதவை. முறிவு பெரிய திரிபில் நிகழ்கிறது. நம்மிடம் நேரடியாக இருக்கும் தரவோ கழுத்து விழும் வரைக்குமானது. நம் எடுத்துக்காட்டில் உச்சச் சுமை 33.8 கிலோநியூட்டன், அப்போது நீட்சி 20 விழுக்காடு என்றால், பொறியியல் தகைவு 430 மெகாபாஸ்கல், மெய்த்தகைவு 516 மெகாபாஸ்கல், மெய்த்திரிபு 0.182. முறிவோ 1.02-இல். இடையிலுள்ள 0.84 திரிபு முழுவதும் நீட்டி வரைந்த கோடுதான்.

எப்படி நீட்டுவது? அடுக்கு விதியை (தகைவு, திரிபின் ஓர் அடுக்காக ஏறும் என்பது) உச்சச் சுமைப் புள்ளியில் பொருத்தி 1.02 வரை நீட்டினால் 707 மெகாபாஸ்கல் வருகிறது. அதைச் சரிபார்க்கக் கழுத்தின் அளவீடு கைகொடுக்கும். முறியும் கணத்தில் சுமை 24 கிலோநியூட்டன், விட்டம் 6 மி.மீ., கழுத்து வளைவின் ஆரம் 6 மி.மீ. என்றால், சுமையைப் பரப்பால் வகுத்த சராசரி அச்சுத் தகைவு 849 மெகாபாஸ்கல். இதை அப்படியே வலுவேற்ற வளைகோட்டில் போடக்கூடாது, ஏனெனில் கழுத்தில் பக்கவாட்டு இழுப்பும் சேர்ந்திருக்கிறது. பிரிட்ஜ்மன் திருத்தம் இங்கே 1.116, அதனால் வகுத்தால் 761 மெகாபாஸ்கல். அடுக்கு விதி கொடுத்த 707, ஏழு விழுக்காடு குறைவு. சிறிய வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் வலுவேற்றம் குறைந்தால் கழுத்து சீக்கிரம் ஒடுங்கும், ஒரே நீட்சியில் திரிபு அதிகமாகும், முறிவு எண்களை அதற்கேற்ப இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். ஒரு பிழையை இன்னொரு பிழையால் மூடிய மாதிரி, அடுத்த வடிவத்துக்குப் போனதும் வெளுத்துவிடும்.

நடைமுறையில் நான் செய்வது: ஸ்விஃப்ட் விதி முடிவில்லாமல் ஏறும், வோஸ் விதி ஒரு மட்டத்தில் தட்டையாகிவிடும், இரண்டையும் உச்சச் சுமை வரை பொருத்தி, அதற்கு அப்பால் இரண்டின் கலவையை ஒரே ஒரு எடை எண்ணால் ஆள்வேன். அந்த எடையை மாற்றி மாற்றி, சேதம் எதுவும் சேர்க்காத கணக்கை ஓட்டி, கழுத்து விட்டம்–சுமை வளைகோடு சோதனையின் மேல் வந்து படியும் வரை திருத்துவேன். நீட்சி–சுமை வளைகோட்டைவிட விட்டம்–சுமை வளைகோட்டில் பிழைகள் தெளிவாகத் தெரியும். பிறகு எதையும் மாற்றாமல் காடிக் கம்பிகளின் கணக்கை ஓட்டிப் பார்க்க வேண்டும். முறிவுக்கு முன்பே அவற்றின் சுமை சோதனையோடு ஒத்துப்போகவில்லை என்றால் முறிவைப் பற்றிப் பேசும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை.

முறிவுக் கோட்டைப் பொருத்துதல்

இப்போது ஒவ்வொரு கம்பியின் கணக்கிலும், சோதனையில் முறிவு நிகழ்ந்த நீட்சிக்குச் சென்று, விரிசல் பிறக்கும் இடத்திலுள்ள எலிமென்ட்டின் வரலாற்றைப் படியுங்கள். வழுவழுப்பான கம்பியிலும் மிதமான காடியிலும் அது நடு அச்சில் இருக்கும். அந்த எலிமென்ட்டின் பிளாஸ்டிக் திரிபையும், திரிபு நெடுக எடுத்த சராசரி மும்முக விகிதத்தையும் குறித்துக்கொண்டால் ஒரு புள்ளி. வழுவழுப்பான கம்பியில் விகிதம் 0.33-இல் தொடங்கி, கழுத்து விழுந்ததும் உயர்ந்து, நம் அளவீட்டின்படி முறியும் கணத்தில் 0.56-ஐ எட்டுகிறது, சராசரி 0.45 என்று கொள்வோம். மாதிரி கட்டுபவர்கள் பலர் இந்த இடத்தில் 0.33-ஐ எழுதிவிடுகிறார்கள்.

மிக எளிய கோடு ஜான்சனும் குக்கும் 1985-இல் கொடுத்தது. முறிவுத் திரிபு, டி1 என்ற மாறிலியோடு, மும்முக விகிதம் ஏற ஏற அடுக்குச் சார்பில் இறங்கும் டி2 உறுப்பைக் கூட்டினால் வரும்; இறங்கும் வேகத்தை டி3 ஆள்கிறது; திரிபு வீதத்துக்கு டி4, வெப்பத்துக்கு டி5. முதல் மதிப்பீட்டுக்கு டி1-ஐச் சுழியமாகவும், ரைஸ்–டிரேசியைப் பின்பற்றி டி3-ஐ 1.5 ஆகவும் வைத்தால், 0.45-இல் 1.02 என்ற புள்ளி டி2-ஐ 2.0 என்று கொடுக்கிறது. அதே கோடு 0.74-இல் 0.66 என்றும், 1.03-இல் 0.43 என்றும் சொல்லும். காடிக் கம்பிகளின் உண்மைப் புள்ளிகள் இதிலிருந்து எவ்வளவு விலகுகின்றனவோ அதற்கேற்ப டி1-ஐயும் டி3-ஐயும் திருத்த வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜான்சன்–குக் மூலச் சூத்திரத்தில் டி3-இன் முன்னே கூட்டல் குறி. ஆகவே அவர்கள் வெளியிட்ட டி3 எண்கள் எதிர்மறையானவை. 4340 எஃகுக்கு −2.12, தூய செம்புக்கு −3.03. எல்.எஸ்.-டைனா மென்பொருள் இந்த வழக்கத்தைப் பின்பற்றுகிறது. அபாகஸ் மென்பொருளோ சூத்திரத்துக்குள்ளேயே கழித்தல் குறியை வைத்திருப்பதால் அங்கே டி3 நேர்மறையாக இருக்க வேண்டும். குறியை மாற்றாமல் எண்ணை நகலெடுத்தால் நம் காடிக் கம்பியின் முறிவுத் திரிபு 0.43-க்குப் பதில் 9.4 ஆகிவிடும். மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. கணக்கு ஓடும், காடி ரப்பரைப் போல இழுபடும், யாரோ ஒருவர் ‘எஃகு நல்ல தரம்’ என்று எழுதிவிடுவார்.

இந்தக் கோட்டின் இடது பக்கத்தையும் நம்பாதீர்கள். விகிதம் சுழியமாகும்போது அது 2.0 என்கிறது, உண்மையில் சறுக்குத் தகைவில் பல உலோகங்கள் அதற்கு வெகு முன்பே முறிகின்றன. பாவோவும் வியர்ஸ்பிட்ஸ்கியும் 2024-டி351 அலுமினியத்தில் செய்து 2004-இல் வெளியிட்ட சோதனைகள், மும்முக விகிதம் குறைந்தால் முறிவுத் திரிபு ஏறிக்கொண்டே போகும் என்ற எண்ணம் அங்கே நிற்பதில்லை என்று காட்டின, விகிதம் −0.33-க்குக் கீழே போனால் முறிவே நிகழ்வதில்லை என்ற எல்லையையும் அவர்கள் முன்வைத்தார்கள். பின்னர் ஆய்வாளர்கள் லோடே கோணம் என்ற இரண்டாவது அளவையும் (மூன்று முதன்மைத் தகைவுகளில் நடுவிலுள்ளது எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுவது) சேர்த்து, கோட்டை ஒரு பரப்பாக விரித்தார்கள். உங்கள் உறுப்பில் குத்தித் துளையிடுதல், போல்ட் அறுபடுதல், மெல்லிய தகடு சாய்வாகக் கிழிதல் போன்றவை உண்டானால் அந்தப் பரப்பு தேவை. சறுக்குத் துண்டைச் சோதிக்கச் சொன்னது அதற்காகவே. பாத்திரத்தின் உள்ளழுத்தம் போன்ற இழுப்பு நிலைகள் மட்டுமே என்றால் கோடே போதும்.

மற்றொரு வழி வெற்றிடங்களையே மாதிரிக்குள் கொண்டுவருவது. கர்சன் 1977-இல் தந்த யீல்டு சார்பில், வெற்றிடப் பங்கு என்ற ஓர் எண் எஃகின் வலிமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ட்வெர்கார்டும் நீடில்மனும் அதைத் திருத்தி, வெற்றிடங்கள் ஒன்றுசேரும் கட்டத்தையும் சேர்த்தார்கள். திருத்த எண்களான க்யூ1-க்கு 1.5, க்யூ2-க்கு 1 என்பவை வழக்கமான தொடக்கம். தொடக்க வெற்றிடப் பங்கை வேதியியல் சான்றிதழிலிருந்தே மதிப்பிடலாம் என்பது இம்முறையில் எனக்குப் பிடித்த அம்சம்: ஃபிராங்க்ளின் சூத்திரப்படி, 0.001-ஐ மாங்கனீசு விழுக்காட்டால் வகுத்து, அதைக் கந்தக விழுக்காட்டிலிருந்து கழித்து, 0.054-ஆல் பெருக்க வேண்டும். கந்தகம் 0.02, மாங்கனீசு 1 விழுக்காடு என்றால் பங்கு 0.001. ஆனால் மற்ற எண்கள் பல. ஒன்றை ஏற்றி மற்றொன்றை இறக்கினால் அதே சுமை வளைகோடு வந்துவிடும். தவிர, சறுக்குத் தகைவில் மூல கர்சன் மாதிரியில் வெற்றிடம் வளரவே வளராது. நாஷான்–ஹட்சின்சன் 2008 திருத்தம் போன்ற ஒன்றைச் சேர்த்தாக வேண்டும். தொழிற்சாலைக் கேள்விக்கு நான் முதலில் எடுப்பது ஜான்சன்–குக் வகைக் கோட்டைத்தான். விரிசல் போகும் பாதை முன்கூட்டியே தெரிந்திருந்தால் கோஹெசிவ் எலிமென்ட்டுகள் (அந்தப் பாதையில் வைக்கும், பசை போலப் பிரியக்கூடியவை) வேலையைச் சுருக்கிவிடும். விரிசலை மங்கலான பட்டையாகப் பரப்பிக் கணக்கிடும் ஃபேஸ் ஃபீல்டு முறைகள் அழகானவை. ஆனால் இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வரவில்லை.

மெஷ்

ஒருமுறை வேறோர் அலுவலகத்திலிருந்து வந்த முறிவு எண்களை வாங்கி, 0.5 மி.மீ. எலிமென்ட்டில் ஒரு தாங்கியைக் கணக்கிட்டேன். அறிக்கைக்கு அழகாக இருக்கட்டும் என்று மெஷ்ஷை, அதாவது எலிமென்ட்டுகளின் வலையை, 0.25 மி.மீ. ஆக்கி மீண்டும் ஓட்டியபோது, தாங்கி முன்பைவிடக் குறைந்த நகர்விலேயே முறிந்தது. இன்னும் நுணுக்கினால் இன்னும் முன்னதாக. வேறு எதுவும் மாறவில்லை. எந்த விடையை எழுதுவது என்று ஒரு நாள் முழுக்க விழித்துக்கொண்டிருந்தேன்.

சேதம் தொடங்கியதும் பொருள் வலுவிழக்கிறது. வலுவிழந்த இடத்திலேயே மேலும் திரிபு குவிகிறது. கணினியைப் பொறுத்தவரை ‘இடம்’ என்பது ஒரு வரிசை எலிமென்ட். எலிமென்ட் சிறிதானால் அந்தப் பட்டை மெலிகிறது. முறிவுக்குத் தேவையான ஆற்றலும் அதனோடு சுருங்குகிறது. எல்லையில்லாமல் நுணுக்கினால் ஆற்றலே இல்லாமல் முறிந்துவிடும். வழக்கமாக மெஷ்ஷை நுணுக்க நுணுக்க விடை ஒரு மதிப்பில் நிலைபெறும் என்று படித்திருக்கிறோம். வலுவிழக்கும் பொருளில் அது பொய்த்துப்போகிறது.

இதற்கு நடைமுறையில் இரண்டு மருந்துகள். முதலாவது, சேதம் தொடங்கிய பின் வலு முழுதும் போகும் வரையிலான வளர்ச்சியைத் திரிபாகக் கொடுக்காமல் இடப்பெயர்ச்சியாகக் கொடுப்பது. 0.25 மி.மீ. எலிமென்ட்டில் சேதம் தொடங்கிய பிறகு 0.2 திரிபு தாங்கும் என்றால் இடப்பெயர்ச்சி 0.05 மி.மீ.; அதே 0.05 மி.மீ.-ஐ 0.125 மி.மீ. எலிமென்ட்டில் கொடுத்தால் அது 0.4 திரிபைத் தாங்கும்; விரிசல் பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் செலவாகும் ஆற்றல் மாறாது. கான்கிரீட்டுக்காக ஹில்லர்போர்க் 1976-இல் சொன்ன கருத்தின் வழிவந்தது இது. எலிமென்ட்டின் நீள அகலங்கள் ஏறத்தாழச் சமமாக இருந்தால்தான் இது செல்லும். 1-க்கு 4 என்று நீண்ட எலிமென்ட்டில் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் நீளமும் விரிசல் கடக்கும் நீளமும் வேறாகிவிடும்.

இரண்டாவது மருந்து நாட்டு வைத்தியம் போன்றது, ஆனால் நம்பகமானது. கம்பிகளைப் பொருத்திய அதே அளவு எலிமென்ட்டையே உறுப்பிலும், விரிசல் எதிர்பார்க்கும் இடத்தில், பயன்படுத்துங்கள். நம் கம்பியில் 0.25 மி.மீ. என்றால் ஆரத்தில் 20 எலிமென்ட்டுகள். முறிவு எண்களோடு ‘0.25 மி.மீ., எட்டு முனை, குறைந்த ஒருங்கிணைப்பு’ (எலிமென்ட்டின் அளவு, வகை, அதனுள் தகைவைக் கணக்கிடும் புள்ளிகள் குறைவு) என்ற குறிப்பும் பிரியாமல் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாமல் வரும் எண்களை இப்போது நான் வாங்குவதில்லை. வாகன மோதல் கணக்குகளில் தகட்டைச் சில மில்லிமீட்டர் அகல ஷெல் எலிமென்ட்டுகளால் (தகட்டை ஒரு பரப்பாக மட்டும் கொள்பவை) கட்டுவார்கள். அங்கே கழுத்து முழுவதும் ஒரே எலிமென்ட்டுக்குள் அடங்கிவிடுவதால் முறிவுத் திரிபே அளவுக்கு அளவு மாறும். அதற்கென்று எலிமென்ட் அளவு வாரியாகத் திருத்த அட்டவணை தயாரித்துக் கொடுப்பது எல்.எஸ்.-டைனாவின் கிஸ்ஸ்மோ போன்ற மாதிரிகளின் வழக்கம்.

சமச்சீரைப் பயன்படுத்தி மாதிரியைப் பாதியாக்கும்போதும் கவனம் தேவை. கழுத்தின் நடுத்தளத்தைச் சமச்சீர்த் தளமாக வைத்தால், ஒரு பக்கம் கிண்ணம், மறுபக்கம் கூம்பு என்ற முறிவு வரவே வழியில்லை. இருபக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகவே உடைய வேண்டியிருக்கும். தட்டைத் துண்டில் தடிமனைப் பாதியாக்கினால் சாய்ந்து கிழியும் முறிவு மறைந்துவிடும். சுமையின் உச்சம் வரை மட்டும் வேண்டுமென்றால் பாதி போதும். விரிசல் போகும் வழி வேண்டுமென்றால் முழுதாகக் கட்டுங்கள்.

கணக்கை ஓட்டுதல்

எலிமென்ட்டுகள் நீங்கத் தொடங்கியதும் உள்ளுறை முறைக் (இம்ப்ளிசிட், ஒவ்வொரு படியிலும் சமநிலையைத் தீர்ப்பது) கணக்கு ஒருங்காமல் திணறும்; எனவே வெளியுறை முறை, அதாவது எக்ஸ்ப்ளிசிட், பெரும்பாலோரின் தேர்வு. 2022-இல் மூலநிரல் திறந்துவிடப்பட்ட ஓப்பன்ரேடியாஸ் இதைக் கட்டணமின்றிச் செய்து பழக வழிதருகிறது. ஜான்சன்–குக் முறிவு அதில் இருக்கிறது. வெளியுறைக் கணக்கின் நேரப்படி, ஒலி ஒரு எலிமென்ட்டைக் கடக்கும் நேரத்தைத் தாண்டக்கூடாது. எஃகில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 5,170 மீட்டர், 0.25 மி.மீ.-ஐக் கடக்க ஒரு வினாடியைக் கோடியாகப் பிரித்தால் அதில் பாதிப் பங்குதான். ஐந்து நிமிடம் நடந்த சோதனையை உள்ளபடி ஓட்ட 600 கோடிப் படிகளுக்கு மேல் ஆகும்.

ஆகவே காலத்தைச் சுருக்குகிறோம்: அதே 14 மி.மீ. நீட்சியை 20 மில்லிவினாடியில் முடித்தால் சுமார் 4 லட்சம் படிகள். அல்லது அடர்த்தியை 100 மடங்காக்கினால் நேரப்படி 10 மடங்காகும். எதைச் செய்தாலும் இயக்க ஆற்றல் உள்ளாற்றலில் 5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று, கம்பி முறியும் கணத்துக்கு முன்புவரை, வரைபடம் போட்டுப் பாருங்கள். முறிந்ததும் துண்டுகள் துள்ளுவதால் அது குதிப்பது இயல்பு. காலத்தைச் சுருக்கியிருந்தால் திரிபு வீத உறுப்பை அணைத்துவிடுங்கள். மறந்தால் மெதுவான சோதனைக்கு மோதல் வேகத்தின் வலிமையைக் கொடுத்துவிடுவீர்கள். குறைந்த ஒருங்கிணைப்பு எலிமென்ட் என்பதால் ஹவர்கிளாஸ் ஆற்றலையும் (தகைவில்லாமலே எலிமென்ட் கோணிப்போகும் போலி அசைவுக்குச் செலவாவது) அதே வரைபடத்தில் சேர்த்துப் பாருங்கள்.

விடையைச் சோதித்தல்

பொருத்துவதற்குப் பயன்பட்ட கம்பிகளோடு ஒத்துப்போவது சோதனை ஆகாது. ஒரு வடிவத்தை ஒதுக்கிவைக்க வேண்டும்: 3 மி.மீ. ஆரக் காடியையும், வழுவழுப்பான கம்பியையும், சறுக்குத் துண்டையும் வைத்து எண்களை முடித்துவிட்டு, 1.5 மி.மீ. ஆரக் காடியின் முறிவு நீட்சியைக் கணித்து, தேதியோடு கோப்பில் பூட்டிய பிறகு அதை இழுப்பது நல்லது.

அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் 2012-இல் இதையே உலகுக்குப் பொதுவான போட்டியாக வைத்தது. 15-5 பி.எச். துருவேறா எஃகில், மழுங்கிய காடியும் அதன் முன்னே மூன்று துளைகளும் உள்ள துண்டு. பொருள் தரவு எல்லோருக்கும் ஒன்றே. சோதனை முடிவு மட்டும் மறைத்துவைக்கப்பட்டது. எளிய கைக்கணக்கிலிருந்து பல்லளவு மாதிரிகள் வரை பயன்படுத்திய 13 குழுக்களின் கணிப்புகள் ஒன்றோடொன்று பெரிதும் முரண்பட்டன. அதைவிடக் கவனிக்க வேண்டியது, சோதனைத் துண்டுகளே இரண்டு வெவ்வேறு பாதைகளில் கிழிந்தன. துளைகளைக் கடைந்ததில் இருந்த சிறு வேறுபாடுகள் எந்தப் பாதை என்பதை நிர்ணயித்தன.

அதனால் உங்கள் கணிப்பும் சோதனையும் விலகும்போது டி எண்களைத் தொடுவதற்கு முன், முறிந்த துண்டுகளை மேசையில் வைத்து அளவெடுங்கள். காடியின் ஆரம் வரைபடத்தில் 1.5 மி.மீ. என்றிருந்தாலும் தேய்ந்த கருவியால் 1.7 ஆகியிருக்கலாம், கம்பி சற்றே சாய்வாகப் பிடிக்கப்பட்டு விரிசல் ஒரு ஓரத்தில் தொடங்கியிருக்கலாம். அளந்த வடிவத்தை வைத்து மெஷ்ஷைத் திரும்பக் கட்டி ஓட்டுங்கள். அதன் பிறகும் விலகல் இருந்தால், முதலில் வலுவேற்ற வளைகோட்டின் நீட்டலுக்கும், அடுத்து எலிமென்ட் அளவுக்கும், கடைசியாகத்தான் முறிவுக் கோட்டுக்கும் போக வேண்டும். துண்டுக்குத் துண்டு சோதனையிலேயே இருந்த சிதறலை அறிக்கையில் பட்டையாக வரைந்து, அதன் மேல் உங்கள் கணிப்பை ஒற்றைக் கோடாகப் போடாமல், டி2-ஐ மூன்று துண்டுகளின் உச்ச, நீச மதிப்புகளுக்கு மாற்றி வரும் இரண்டு கோடுகளாகப் போடுங்கள். கேட்டவருக்கு உறுப்பு எந்த நகர்வில் முறியும் என்பதோடு, அந்த எண் எவ்வளவு ஆடும் என்பதும் அந்தப் படத்தில் தெரியும்.